ஊசியும் தழும்பும்: ஒரு நூறு வருடக் கதை



பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வரும் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் "டீச்சர், பதினொண்ணாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கலாம்?" என்று கேட்பீர்கள். இப்போது உங்கள் பிள்ளைகளே அந்த வயதுக்கு வந்துவிட்டார்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "பொண்ணுக்கு முகத்தில் பருத் தழும்பு இருக்கு டீச்சர். மைக்ரோநீட்லிங் என்று சொல்கிறார்கள். ஊசி ரோலரால் முகம் முழுக்கக் குத்துவார்களாமே, செய்யலாமா?"

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். செய்யலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர். ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி பயமும் பாதி ஆசையும் அடங்கிவிடும். 35 வருடம் வகுப்பில் நின்றதில் நான் கண்டது இது. அதனால் இன்று ஒரு வரலாற்றுப் பாடம். கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நம் ஊர்க் கதை. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவுக்கு நாலு பெரியவர்களாவது அம்மைத் தழும்போடு இருப்பார்கள். 'அம்மி கொத்தின முகம்' என்று ஊரில் சொல்வார்கள். பெரியம்மையில் பிழைத்தவர்கள் அவர்கள். அந்தக் கிருமி முகத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை அழித்துவிடும். அதனால்தான் உடம்பில் மற்ற இடங்களைவிட முகத்தில் குழிகள் அதிகமாக விழுந்தன. அதற்கு மருந்து கிடையாது. ஆணாக இருந்தால் அது பட்டப்பெயரோடு போகும். பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும்.

தோலில் ஊசி குத்துவதும் நமக்குப் புதிது இல்லை. இரண்டு ஊசிகளை நம் பாட்டிமார் அறிவார்கள். ஒன்று பச்சை குத்தும் ஊசி. இன்னொன்று அம்மை குத்தும் கருவி. எங்கள் காலத்தில் அம்மை குத்த வருபவர் பல் வைத்த ஒரு சின்ன வட்டத் தகட்டைத் தோளில் வைத்துத் திருகுவார். பிறகுதான் நுனியில் இரண்டு பல் உள்ள கவை ஊசி வந்தது. அமெரிக்காவின் வயத் ஆய்வகத்தில் பெஞ்சமின் ரூபின் என்பவர் 1960களில் உருவாக்கியது. மருந்தில் தொட்டு ஒரே இடத்தில் 15 முறை லேசாகக் குத்த வேண்டும், அவ்வளவுதான். பழைய முறையில் ஒருவருக்குச் செலவான மருந்து இதில் நாலு பேருக்கு வந்தது. 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

(அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளே, உங்கள் இடது தோளில் இருக்கும் தழும்பு அம்மை குத்தியது இல்லை. அது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன், ஒவ்வொரு வருடமும் மறப்பீர்கள்!)

பெரியம்மை போய்விட்டது. ஆனால் தழும்பு போகவில்லை. சின்னம்மை, பரு, தீக்காயம், விபத்து என்று அது வேறு வாசல்களில் வந்துகொண்டே இருக்கிறது. இதை எப்படிச் சரி செய்வது என்று மருத்துவர்கள் யோசித்த வரலாறுதான் இன்றைய பாடம்.

அதற்கு முன் தோலைப் பற்றி இரண்டு வரி. கரும்பலகையில் படம் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது மேல்தோல். முகத்தில் அது ஏறக்குறைய ஒரு தாளின் கனம்தான். நிறம் தரும் செல்கள் அதன் அடி வரிசையில் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்தோல். அது ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கனம். கொலாஜன் என்ற புரத இழைகள் அங்கே பாய் முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். பரு பெரிதாகிச் சீழ் வைத்து உடையும்போது அந்த முடைச்சல் அறுந்துபோகிறது. உடம்பு அவசரமாக ஒட்டுப் போடுகிறது. ஒட்டுப் போட்ட இடத்தில் இழை குறைவாக இருந்தால் மேலே பள்ளம் விழும். ஆக, குழி தெரிவது மேலே, கோளாறு இருப்பது கீழே. இதை மட்டும் மறக்காதீர்கள்.

1905ஆம் ஆண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குரோமயர் என்ற தோல் மருத்துவர் ஒரு புது முறையை எழுதி வெளியிட்டார். பல் மருத்துவர் வைத்திருக்கும் மோட்டார் கருவி உங்களுக்குத் தெரியும், அந்தச் சத்தமே போதும் நமக்கு. அதில் அரம் போன்ற முனைகளை மாட்டித் தழும்புள்ள தோலைத் தேய்த்து எடுத்தார். பள்ளத்தை நிரப்ப முடியாது, சுற்றியுள்ள மேட்டைக் குறைத்தால் பள்ளம் தெரியாதே என்பது கணக்கு. அப்படிச் செய்தபோது ஒரு முக்கியமான விஷயத்தை அவர் கவனித்தார். தேய்ப்பது உள்தோலின் ஆழத்துக்குப் போகாமல் மேல் பகுதியோடு நின்றால், புண் புதிய தழும்பு வைக்காமல் ஆறுகிறது. ஆழம் தாண்டினால் புதிய தழும்பு. 'எவ்வளவு ஆழம்' என்ற கேள்வி அன்று தொடங்கியது. இன்றைக்கும் இந்தச் சிகிச்சையின் முதல் கேள்வி அதுதான்.

பிறகு ஏறக்குறைய 40 வருடம் பெரிய நடமாட்டம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், 1947இல், பிரஸ்டன் ஐவர்சன் என்ற அமெரிக்க மருத்துவர், விபத்தில் முகத்துக்குள் புதைந்துபோன அழுக்கையும் கரியையும் எடுக்க எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? உப்புத்தாள்! நம் ஆசாரி கதவுக்குத் தேய்க்கிற அதே உப்புத்தாள், கிருமி நீக்கம் செய்யப்பட்டது. 1950இல் மெக்எவிட் என்பவர் பருக் குழிகளுக்கும் உப்புத்தாள் தேய்ப்பதைப் பற்றி எழுதினார். 1953இல் நியூயார்க்கில் ஆப்னர் கர்ட்டின் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். தோலைக் குளிர்விக்கும் திரவத்தைப் பீய்ச்சி விறைக்க வைத்து, மோட்டாரில் சுழலும் கம்பித் தூரிகையால் தேய்த்தார். டெர்மாப்ரேஷன் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது இந்த முறை.

பலன் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் விலையும் இருந்தது. முகத்தின் மேல்தோல் மொத்தமும் போய்விடும். நீர் கசியும், பொருக்குத் தட்டும், வாரக்கணக்கில் சிவந்து கிடக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு இன்னொரு தொல்லை. நிறம் தரும் செல்கள் மேல்தோலில் இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அதைச் சுரண்டி எடுத்தால் திரும்பி வரும் தோல் சில இடங்களில் கறுக்கும், சில இடங்களில் வெளுக்கும். குழி போய்த் திட்டு வந்த கதையாகிவிடும்.

1990களில் லேசர் வந்தது. கரியமில வாயு லேசரின் சூட்டில் மேல்தோலை ஆவியாக்கினார்கள். கருவி புதிது, யோசனை பழையதுதான்: மேலே இருப்பதை எடு, புதிது வரட்டும். மாநிறத் தோலுக்கு அதே திட்டுப் பிரச்சினை அங்கேயும் இருந்தது.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. மேலே சுரண்டுவதை விட்டுவிட்டுக் கீழே என்ன நடக்கிறது என்று மூன்று ஊர்களில் மருத்துவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதல் ஊர் நியூயார்க். டேவிட் ஓரென்டிரைச், நார்மன் ஓரென்டிரைச் என்ற இரண்டு மருத்துவர்கள், மகனும் தந்தையும். முடி நடும் சிகிச்சைக்கு முன்னோடி என்று பெயர் பெற்றவர் அந்தத் தந்தை. சில தழும்புகள் பள்ளமாக இருக்கக் காரணம், கீழே நார் போன்ற இழைகள் அதைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதுதான். மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த இடம் அமுங்கியிருக்குமே, அப்படி. ஓர் ஊசியைப் பக்கவாட்டில் தோலுக்கடியில் நுழைத்து அந்த நாரை அறுத்துவிட்டார்கள். பள்ளம் மேலே எழும்பியது. அறுத்த இடத்தில் கட்டிய இரத்தமும் அதைத் தொடர்ந்து வளர்ந்த புதுத் திசுவும் அடியில் முட்டுக் கொடுத்தன. 1995இல் இதை எழுதினார்கள். சப்சிஷன் என்று பெயர். மேல்தோலைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது ஊர் கனடாவின் மான்ட்ரியல். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஆந்த்ரே கமிரான் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், முகச் சுருக்கத்தை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தையல் போட்ட இடம் வெள்ளைக் கோடாகத் தெரிவதைப் பார்த்தார். அதை மறைக்க ஒரு வழி செய்தார். தோல் நிறத்தில் மை எடுத்து அந்தத் தழும்பின் மேல் பச்சை குத்தினார். ஆமாம், நம் பச்சை குத்தும் வேலையேதான், மோட்டார் ஊசியால். ஓரிரு வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது மை மங்கிப் போயிருந்தது. ஆனால் தழும்பு முன்னைவிட நன்றாக இருந்தது. மட்டமாகி, மிருதுவாகி, சிலருக்குச் சொந்த நிறமே திரும்பியிருந்தது.

மை போயும் தழும்பு தேறியது என்றால், வேலை செய்தது மை இல்லை, ஊசி. இதைப் புரிந்துகொண்டு அடுத்த நோயாளிகளுக்கு மையே இல்லாமல் வெறும் ஊசியால் குத்திப் பார்த்தார். 1997இல் தூசே என்ற சக மருத்துவரோடு சேர்ந்து அதைக் கட்டுரையாக எழுதினார். பிள்ளைகளே, அறிவியல் என்றால் இதுதான். எதிர்பாராதது நடந்தபோது "சரி, நல்லதாப் போச்சு" என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்டார் பாருங்கள்.

மூன்றாவது ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 1967இல் உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஊர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே டெஸ் பெர்னாண்டஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1990களில் இதே வழியில் யோசித்தார். ஒவ்வொரு குத்தாகக் குத்தினால் எப்போது முடிப்பது? ஓர் உருளையில் வரிசை வரிசையாக ஊசிகளைப் பதித்து, சுவருக்கு வண்ணம் பூசும் ரோலர் போல உருட்டலாமே என்று கருவி செய்தார். தோலைத் துளைத்துக் கொலாஜன் வளரத் தூண்டுவது என்று அதற்குப் பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். அவர் தோல் பராமரிப்புப் பொருள் நிறுவனமும் நடத்துபவர். அதனால் அவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நீங்கள் கேட்டால், சரியான கேள்விதான். பிற மருத்துவர்களும் பரிசோதித்தார்கள். 2008இல் ஜெர்மனியின் மத்தியாஸ் ஆஸ்ட், பெர்னாண்டஸ் உள்ளிட்ட குழு, தென்னாப்பிரிக்காவிலும் ஜெர்மனியிலும் சிகிச்சை பெற்ற 480 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டது. சிலரிடம் துளித் தோல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆறு மாதத்தில் கொலாஜன் கூடியிருந்தது.

இது எப்படி நடக்கிறது? ஊசி நுழைந்ததும் துளி இரத்தம் வரும். இரத்தத்தில் உள்ள பிளேட்லெட்டுகள் ஓடி வந்து ஓட்டையை அடைக்கும். அடைப்பதோடு நிற்காமல், "இங்கே காயம், ஆள் அனுப்பு" என்று சொல்லும் வேதிப்பொருள்களை வெளியிடும். அதைக் கேட்டு இழை நெய்யும் செல்கள் வந்து சேரும். முதலில் மெல்லிய வகைக் கொலாஜனை நெய்யும். பிறகு மாதக்கணக்கில் அதை உறுதியான வகையாக மாற்றிக்கொண்டே இருக்கும். குத்து அவ்வளவு சின்னது என்பதால் மேல்தோல் ஒரு நாளிலேயே மூடிக்கொள்ளும். அடியில் நெசவு தொடரும். உடம்பு தன் வேலையைத் திரும்ப ஒருமுறை நிதானமாகச் செய்ய ஊசி ஒரு சாக்கு, அவ்வளவுதான். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது.

நம் நாட்டுக் கணக்கையும் சொல்கிறேன். 2009இல் பெங்களூர் மருத்துவர் ஒருவரின் கட்டுரை இந்தக் கருவியை விளக்கியது. உருளையில் 192 ஊசிகள். ஊசியின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டர். நீளம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை. ஒரே இடத்தில் 15 முறை உருட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 250 துளைகள். அதே ஆண்டு ஸ்ரீநகரில் மருத்துவர் இம்ரான் மஜீத், பரு, சின்னம்மை, காயம் ஆகியவற்றால் முகத்தில் பள்ளத் தழும்பு விழுந்தவர்களுக்குச் செய்து பார்த்ததை வெளியிட்டார். சிகிச்சையை முழுதாக முடித்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் கடுமை ஒரு படியோ இரண்டு படியோ குறைந்தது.

'ஒரு படியோ இரண்டு படியோ குறைந்தது.' இந்த வார்த்தையை இன்னொரு முறை படியுங்கள். காணாமல் போனது என்று அவர் எழுதவில்லை. அகலமாக அலை போல இருக்கும் பள்ளங்களுக்கு இது நன்றாகக் கேட்கும். ஆணி அடித்தது போலக் குறுகி ஆழமாகப் போகும் குழிகளுக்கு அவ்வளவாகக் கேட்காது. அதற்கு மருத்துவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். நம் நிறத் தோலுக்கு இதில் உள்ள நன்மை, மேல்தோல் உரிக்கப்படாததால் திட்டு விழும் அபாயம் குறைவு என்பது. குறைவு, இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை.

இது வரைக்கும் நல்ல கதை. இனி கசப்பான பகுதி.

ரோலர் சின்னது, விலை மலிவு, பார்க்க எளிது. அதனால் மருத்துவர் கையிலிருந்து அது சீக்கிரமே நழுவியது. பியூட்டி பார்லருக்குப் போனது, ஆன்லைன் கடைக்குப் போனது, வீட்டுக் குளியலறைக்கும் வந்துவிட்டது. 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஊசி உருட்டும்போது முகத்தில் தடவிய கிரீமும் வைட்டமின் சி திரவமும் துளை வழியே உள்ளே போய், தோலுக்குள் ஒவ்வாமைக் கட்டிகளாகக் கிளம்பியிருந்தன. வெளியே தடவ நல்லதாக இருக்கும் பொருள் உள்ளே போக நல்லதாக இருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் எதற்கும் மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை என்று கை போகும். நான் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊசி குத்திய முகத்தில் மருத்துவர் சொல்லாத எதையும் வைக்காதீர்கள்.

2018இல் நடந்தது இன்னும் பெரிது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையம். ஒருவரின் இரத்தத்தை எடுத்து, சுழற்றிப் பிரித்து, ஊசி குத்திய அவர் முகத்திலேயே தடவும் சிகிச்சை அங்கே நடந்தது. போய் வந்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று வந்தது. விசாரித்தவர்கள் பார்த்தபோது, பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் சமையலறைக் குளிர்பெட்டியில் சாப்பாட்டுப் பொருளோடு இருந்தன. ஒப்பனைக்காகக் குத்திய ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியதாக ஆவணமான முதல் நிகழ்வு என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது.

அதெல்லாம் அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். நம் உறவிலேயே ஒரு பெண். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், யார் என்று தேட வேண்டாம். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, "போட்டோவில் முகம் பளிச்சென்று வர வேண்டும்" என்று ஆளாளுக்குச் சொல்லி ஒரு பார்லருக்கு அனுப்பினார்கள். முகத்தில் பழுத்த பருக்கள் இருக்கும்போதே அதன் மேல் ரோலரை உருட்டியிருக்கிறார்கள். ஒரு பருவில் இருந்த கிருமி முகம் முழுக்கப் பரவியது. இரண்டே நாளில் கன்னம் வீங்கி, சீழ்க் கொப்புளம். தாலி கட்டும் நேரத்தில் அவள் முகத்தில் ஒப்பனை எவ்வளவு கனம் இருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். பிறகு தோல் மருத்துவரிடம் மாதக்கணக்கில் நடந்து, கறுத்த திட்டுகள் மெல்ல மெல்ல வெளுத்தன. அந்தக் குழந்தைக்குத் தொடக்கத்தில் இருந்தது நாலைந்து குழிகள்தான்.

இப்போது வரலாற்றை வைத்துப் பாருங்கள். அங்கே நடந்த ஒவ்வொரு தவறுக்கும் பதில் இந்த நூறு வருடக் கதையிலேயே இருக்கிறது.

ஆழம்: 1905இல் குரோமயர் கேட்ட கேள்வி. கன்னம் வேறு கனம், நெற்றி வேறு கனம், கண்ணோரம் வேறு கனம். எந்த இடத்தில் எவ்வளவு என்பது உடற்கூறு படித்தவருக்குத்தான் தெரியும்.

காலம்: கமிரானின் நோயாளிகளுக்கு மாற்றம் தெரிந்தது ஓரிரு வருடம் கழித்து. கொலாஜன் முதிர மாதங்கள் ஆகும். மருத்துவர்கள் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, மூன்று நான்கு தடவையாவது செய்வது அதனால்தான். இருபது நாளில் கல்யாணம் என்றால் அது இந்தச் சிகிச்சைக்கான நேரமே இல்லை.

சுத்தம்: இரத்தம் பட்ட ஊசி ஒருவருக்கு ஒன்றுதான். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும்.

தகுதியான முகம்: பழுத்த பரு இருக்கும்போது கூடாது. காயம் ஆறினால் தடித்து மேடாக வளரும் உடல்வாகு, அதாவது கீலாய்டு, இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், பருவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை மறைக்கக் கூடாது.

அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எப்.டி.ஏ. இந்த வகைக் கருவி ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது 2018 மார்ச்சில்தான். அதுவும் எதற்கு? முகத்தில் உள்ள பருத் தழும்பின் தோற்றத்தை மேம்படுத்த, 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. பதினாறு வயதுப் பெண்ணை அவசரமாக அழைத்துக்கொண்டு ஓடும் தாய்மார்கள் அந்த வயதைக் கொஞ்சம் யோசியுங்கள். அந்த வயதில் முதலில் செய்ய வேண்டியது, பரு இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் காட்டுவது. பருவைக் கிள்ளாமல், காலத்தோடு வைத்தியம் பார்த்தால் குழியே விழாமல் தடுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சீட்டுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன ஊசிக்கு இன்னொரு பிறவியும் உண்டு. தோலில் நுண்ணூசிகளை வைத்து மருந்து செலுத்தலாம் என்ற யோசனைக்கு அமெரிக்காவில் 1976லேயே காப்புரிமை கொடுக்கப்பட்டது. அப்போது அவ்வளவு சின்ன ஊசியைச் செய்யத் தொழில்நுட்பம் இல்லை. கம்ப்யூட்டர் சில்லு செய்யும் முறையைக் கடன் வாங்கி 1998இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் மார்க் பிரவுஸ்னிட்ஸ் குழு அதைச் செய்து காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்து 2024இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், கைக்குழந்தைகளின் மணிக்கட்டில் ஒரு சின்ன வில்லையை ஒட்டினார்கள். அதில் நுண்ணூசிகள், ஊசிகளில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு மருந்து. வழக்கமான ஊசிக்குச் சமமாகக் குழந்தைகளின் உடல் எதிர்ப்பு சக்தியைக் காட்டியது. அன்று தோளில் பல் சக்கரம் திருகினபோது நாங்கள் தெருவே அதிரக் கத்தியதை நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, பெரியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சின்னம்மையில் முகத்தில் குழி விழுந்தவன். குரூப் போட்டோ எடுக்கும் நாள் மட்டும் லீவு போடுவான், மூன்று வருடமும் போட்டான். படிப்பில் குறை இல்லை, கணக்கில் கெட்டி. அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அவனை 'அம்மிக்கல்லு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை, அவன் தாய்மாமா. பாசமாகத்தான் கூப்பிட்டாராம்.

மருத்துவம் படித்தவர்கள் நூறு வருடமாகத் தழும்பைத் தொடும்போது காயத்தை எப்படிச் சிறிதாக்கலாம் என்று கற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அரத்திலிருந்து உப்புத்தாள், அங்கிருந்து கம்பித் தூரிகை, லேசர், கடைசியில் முடியளவு ஊசி. வீட்டில் இருக்கும் நாமும் நம் பேச்சில் அதைச் செய்யலாம். அடுத்த வாரம் ஏதாவது விசேஷ வீட்டில் ஒரு வயசுப் பிள்ளையைப் பார்க்கும்போது, "என்னடி இது மூஞ்சியெல்லாம்?" என்று ஆரம்பிக்காமல், "சாப்பிட்டியா கண்ணு, என்ன படிக்கிறே?" என்று கேளுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்